தறி ஓடினால் எல்லோரும் நலம்

இந்த நாட்டில் டாக்டரே நம்மைத் தேடி வந்து கூப்பிடுகிறார். நெதர்லாந்துக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது, இது மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. காத்திருக்கும் அறையில் நாலைந்து பேர் ஆளுக்கொரு மூலையில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருப்போம். கதவு திறக்கும். ஜீன்ஸும் கம்பளிச் சட்டையும் போட்ட ஒரு பெண்மணி எட்டிப் பார்த்து, தணிகாசலம் என்ற என் பெயரை வாசிக்க ஆரம்பித்து, பாதியில் கைவிட்டு, "மெனேர் தனிக்கா?" என்பார். மெனேர் என்றால் ஐயா. அவர்தான் டாக்டர். எழுந்து போய்க் கை குலுக்க வேண்டும். வெள்ளைக் கோட்டு கிடையாது, கழுத்தில் ஸ்டெதஸ்கோப் கிடையாது. உள்ளே போய் உட்கார்ந்ததும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்களுக்கே என்னவென்று தோன்றுகிறது?" அது தெரிந்தால் நான் ஏன் தாயே இங்கே வருகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் நாக்கு நுனிவரை வரும். டச்சு மொழியில் அதை மரியாதையாகச் சொல்லத் தெரியாததால் சும்மா இருந்துவிடுவேன்.

எங்கள் திருத்தணியில் டாக்டரைப் பார்ப்பது என்றால் அது ஒரு முழு சாயங்கால வேலை. வாசலில் செருப்புக் குவியல், கையில் டோக்கன், பக்கத்தில் இருப்பவரின் சர்க்கரை அளவிலிருந்து அவர் மருமகளின் குணம்வரை தெரிந்துகொண்ட பிறகுதான் நம் முறை வரும். டாக்டர் கையைப் பிடிப்பார், நாக்கை நீட்டச் சொல்வார், நாம் வாய் திறப்பதற்குள் மருந்துச் சீட்டு எழுதி முடித்திருப்பார். நமக்கு என்ன தோன்றுகிறது என்று அவர் கேட்டதே இல்லை. கேட்டிருந்தால், இவருக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அடுத்த தெரு டாக்டரிடம் போயிருப்போம்.

நான் போனது நெஞ்சுக்காக. முதல் தடவை அது வந்தது சூப்பர் மார்க்கெட் வரிசையில். கையில் பால் பாக்கெட்டும் கீரையும். எனக்கு முன்னால் நின்ற கிழவர் சில்லறை தேடிக்கொண்டிருந்தார். திடீரென்று நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. ஒரு நொடி எதுவும் இல்லை. பிறகு தடதடவென்று அடிக்க ஆரம்பித்தது. கை சில்லிட்டது, காது அடைத்தது. கீரையைப் பிடித்துக்கொண்டே நான் நினைத்தது இதுதான்: இங்கே விழுந்தால் என் பெயரைக்கூட இவர்களால் முழுசாகச் சொல்ல முடியாதே. மூன்று நிமிடத்தில் சரியாகிவிட்டது. ஆனால் அது போகும்போது பயத்தை விட்டுவிட்டுப் போனது. அன்றிலிருந்து படபடப்பு வராத நேரத்திலும் அது எப்போது வரும் என்று காத்திருப்பதே என் வேலையாகிவிட்டது. சைக்கிள் ஓட்டும்போது, அலுவலகக் கூட்டத்தில், சாம்பார் தாளிக்கும்போது, எப்போதும் வலது கையின் இரண்டு விரல் இடது மணிக்கட்டில் இருக்கும். துடிப்பு எண்ணுகிற கடிகாரம் ஒன்று வாங்கினேன். அது தொண்ணூறு என்றால் ஏன் தொண்ணூறு என்று பயந்து, அந்தப் பயத்திலேயே நூற்றுப் பத்துக்குக் கொண்டுபோய் விடுவேன். கடைசியில் என் மனைவி சுமதி அந்தக் கடிகாரத்தைக் கழற்றி அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். "அரிசி வேணும்னா மட்டும் தொறக்கறது," என்றாள். அவள் எங்கள் ஊருக்குப் பக்கத்து மணவூர்க்காரி, சொன்னால் சொன்னதுதான்.

இதற்கு டச்சு மொழியில் 'ஹார்ட்க்ளொப்பிங்கன்' என்று பெயர். ஹௌஸ்ஆர்ட்ஸ் என்று இங்கே அழைக்கும் அந்தக் குடும்ப டாக்டர் ரத்தம் எடுத்தார், காப்பியைக் குறைக்கச் சொன்னார், பிறகு ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிட்டார். மார்பில் ஐந்து இடத்தில் ஒட்டி, வயர்களைச் சட்டைக்குள் விட்டு, இடுப்பில் பெட்டி. ஒரு நாள் முழுக்க அது என் நெஞ்சைப் பதிவு செய்யும். கூடவே ஒரு தாள். எந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன், நெஞ்சு எப்படி இருந்தது என்று நான் எழுதிக்கொண்டே வர வேண்டும்.

அன்றைக்கென்று அம்மா வீடியோவில் வந்தார். திருத்தணி வீட்டில் தனியாக இருக்கிறார், வயது எழுபத்தொன்று. அவர் போனைப் பிடிக்கிற விதத்தில் எனக்குத் தெரிவது அவர் நெற்றியும் மேலே சுற்றும் ஃபேனும்தான். ஆனால் அவருக்கு என்னவோ நான் முழுசாகத் தெரிந்துவிடுவேன்.

"கழுத்தாண்ட இன்னாடா வயரு?"

"பாட்டு கேக்கற வயரும்மா."

"காதுல ஒண்ணியும் காணமே."

"இப்பதான் கயட்டி வெச்சேன்."

"ஆங்," என்றார் அம்மா. அதற்குமேல் கேட்கவில்லை. பிள்ளையாண்டான் சாமர்த்தியமாகச் சமாளித்துவிட்டான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கம்ப்யூட்டரைப் பார்த்தார், என் தாளைப் பார்த்தார், திரும்பக் கம்ப்யூட்டரைப் பார்த்தார். இதயம் ஆரோக்கியமாக இருக்கிறது, நடுநடுவே சில துடிப்புகள் முந்திக்கொள்கின்றன, அவற்றால் ஆபத்து எதுவும் இல்லை என்றார். மன அழுத்தம்தான் காரணமாக இருக்கும் என்றார். பிறகு தாளின்மேல் பேனாவை வைத்தார்.

"ஒன்பது நாற்பது, பாவா போன், படபடப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். பாவா யார்?"

"என் அக்காவின் கணவர்."

"மதியம் ஒன்று பதினைந்து, பாவா கூப்பிடுவதாகச் சொன்ன நேரம், கூப்பிடவில்லை, படபடப்பு, பத்து நிமிடம். அவர் கூப்பிட்டாலும் வருகிறது, கூப்பிடாவிட்டாலும் வருகிறது." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவர் உங்களை மிரட்டுகிறாரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாவாவா? நான் அறிந்த மனிதர்களிலேயே நல்லவர் அவர்தான் என்றேன். டாக்டர் நம்பவில்லை. மிரட்டப்படுகிறவர்கள் முதலில் இப்படித்தான் சொல்வார்கள் என்று எங்கேயோ படித்திருப்பார் போல. நாற்காலியைக் கொஞ்சம் முன்னுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு, "நேரம் எடுத்துக்கொண்டு சொல்லுங்கள்," என்றார். பத்து நிமிடத்துக்குமேல் ஒரு நோயாளிக்குக் கொடுக்காத நாட்டில் அது பெரிய வார்த்தை.

பாவாவைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் தறியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். திருத்தணிக்குப் பக்கத்தில் ஆர்.கே.பேட்டையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நான்கு பவர்லூம் ஓட்டுகிறார். அவர் எப்போது போன் செய்தாலும் அந்தக் கொட்டகைக்குள் நின்றுகொண்டுதான் பேசுவார். நான்கு தறியின் தடதட சத்தத்துக்குமேல் கத்துவார், நானும் ரயிலில் உட்கார்ந்துகொண்டு திருப்பிக் கத்துவேன், டச்சுக்காரர்கள் பயந்து இடம் மாறி உட்காருவார்கள். "கொஞ்சம் வெளிய வந்து பேசுங்க பாவா" என்றால், "வெளிய வந்தா எவனாவது வந்து பேச்சு குடுப்பான் தணிகா, இதான் வசதி" என்பார். எங்கள் பக்கத்தில் பாதி வீட்டில் தமிழும் தெலுங்கும் கலந்துதான் புழங்கும். அப்பாவை நைனா என்போம், அக்கா வீட்டுக்காரரைப் பாவா என்போம். நைனா தாலுகா ஆபீசில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு மகனாக நான் செய்ய வேண்டியதை எல்லாம் பாவாதான் செய்தார்.

ஆறு வருடத்துக்கு முன் ஒரு காலையில் பாவாவின் போன் வந்தது.

"தணிகா, நைனாவுக்கு ஒடம்பு கொஞ்சம் சரியில்ல. ஒரு வாட்டி வந்து பாத்துட்டுப் போயேன்."

"இன்னா பாவா ஆச்சு?"

"ஜுரந்தான், ஒண்ணியும் இல்ல. டிக்கெட் போட்டுக்கோ."

ஜுரத்துக்கு யாராவது நெதர்லாந்திலிருந்து டிக்கெட் போடச் சொல்வார்களா? வெளியூரில் பிழைக்கும் நண்பர்களுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் தெரியும். தெரிந்தாலும் நம்ப மாட்டோம். துபாயில் விமானம் மாறும்போது கூப்பிட்டேன். "ஐசியூல வெச்சிருக்காங்க, பேசறாரு, ஒன்னதான் கேட்டுகினு இருக்காரு," என்றார். சென்னையில் இறங்கினால் பாவாவே கார் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். திருவள்ளூர் தாண்டியதும் ஒரு ஓட்டலில் நிறுத்தச் சொன்னார். எனக்கு வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. "நாலு இட்லி துண்ணுட்டுப் போலாம், ஆஸ்பத்திரில ஒண்ணியும் கெடைக்காது," என்று எதிரிலேயே உட்கார்ந்து கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டு சாப்பிட வைத்தார். அவர் ஒன்றும் சாப்பிடவில்லை, வயிறு சரியில்லை என்றார். கார் ஆஸ்பத்திரி இருக்கும் பக்கம் திரும்பாமல் எங்கள் தெருப்பக்கம் திரும்பியது. தெரு முனையில் ஷாமியானா, பிளாஸ்டிக் நாற்காலிகள், தெரிந்த முகங்கள். நைனா நான் டிக்கெட் போடுவதற்கு முன்பே போய்விட்டிருந்தார்.

அந்த நாலு இட்லியை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை. அப்பா கண்ணாடிப் பெட்டிக்குள் கிடக்கும்போது சட்னி தொட்டுச் சாப்பிட்டவன் நான். சாவு வீட்டில் எல்லாம் முடியும்வரை அடுப்பு எரியாது, மைத்துனன் வயிறு காயக் கூடாது என்று நினைத்துத் தான் பட்டினி கிடந்தவர் அவர். கோபப்படவும் முடியவில்லை, மன்னிக்கவும் முடியவில்லை. திரும்பி வந்த பிறகு ஒரு நாள் யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் பிடிபட்டது. அந்த முதல் போனில் பாவாவின் குரலுக்குப் பின்னால் தறிச் சத்தம் இல்லை. கொட்டகையை நிறுத்திவிட்டுப் பேசியிருக்கிறார். அதன் பிறகு அவர் கூப்பிடும்போதெல்லாம், 'ஹலோ' சொல்வதற்கு முன்பே என் காது தறியைத் தேடும். தறி ஓடினால் எல்லோரும் நலம். காது அதைக் கண்டுபிடிப்பதற்குள் நெஞ்சு நாலு தாவு தாவிவிடும்.

இதையெல்லாம் எனக்குத் தெரிந்த டச்சில் டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. "அவர்கள் உங்களிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள்," என்றார். பொய் என்று சொல்ல முடியாது, பயணத்தில் இருப்பவனிடம் சாவுச் செய்தி சொல்ல மாட்டார்கள் என்றேன். ஏன் என்றார். வழியில் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம்தான் என்றேன். அவர் தாளை என் பக்கம் திருப்பி வைத்து, "இப்போது ஆகியிருக்கிறதே," என்றார். இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான், முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார்கள். பிறகு வழியும் சொன்னார். குடும்பத்தோடு உட்கார்ந்து ஓர் 'அஃப்ஸ்ப்ராக்' செய்துகொள்ள வேண்டுமாம். இங்கே எல்லாவற்றுக்கும் அஃப்ஸ்ப்ராக் உண்டு. முடி வெட்ட, மாமியார் வீட்டில் காப்பி குடிக்க, பிள்ளைகள் சேர்ந்து விளையாட, எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஏற்பாடு. என் அம்மாவிடம் போய், 'உண்மையைச் சொல்வதற்கு ஓர் ஏற்பாடு செய்துகொள்வோம்' என்று சொன்னால் அவர் எனக்கு மந்திரிக்க ஆள் தேடுவார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன்.

அதற்கு நாலைந்து நாள் கழித்து, அலுவலகத்துக்குச் சைக்கிளில் போய்க்கொண்டிருக்கும்போது பாவா கூப்பிட்டார். காதில் வைத்தேன். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. சைக்கிளை அப்படியே புல்லில் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

"தறி ஏன் ஓடல பாவா? யாருக்கு இன்னா ஆச்சு?"

"டேய், கரண்டு இல்லடா. மாசாமாசம் நிறுத்துவாங்களே, அது. சும்மா இருக்கோமேன்னு ஒனக்குப் போன் பண்ணேன். ஏன் இப்டி மூச்சு வாங்கற?"

அந்தப் பதற்றத்தில் தறிச் சத்தத்தின் ரகசியத்தையும், அது கேட்காவிட்டால் நெஞ்சு அடித்துக்கொள்வதையும் சொல்லிவிட்டேன். பாவா விழுந்து விழுந்து சிரித்தார். "இத்தினி நாளா நான் பேசறத கேக்கலியா நீ, என் தறி பேசறததான் கேட்டுகினு இருந்தியா!" என்றார். நானும் சிரித்தேன். அதைச் சொல்லியிருக்கவே கூடாது.

அடுத்த வாரம் மூன்று நாளாக அம்மா வீடியோவில் வரவில்லை. போன் ரிப்பேர், கடையில் கொடுத்திருக்கிறது என்றார் பாவா. தினமும் அவரே கூப்பிட்டார். பின்னால் நான்கு தறியும் ஓடின, அதனால் நானும் நிம்மதியாக இருந்தேன். மூன்றாம் நாள் மதிய இடைவேளையில் பேசிக்கொண்டிருக்கும்போது, தறிச் சத்தத்துக்கு நடுவில் வள்ளி அக்காவின் குரல் தூரத்தில் கேட்டது. "காப்பி ஆறிப்பூடுது, வந்து குடிங்க." அதைத் தொடர்ந்து யாரோ ஒரு தடவை இருமினார்கள். பாவா மழையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மறுபடி, "காப்பி ஆறிப்பூடுது, வந்து குடிங்க." அதே இழுப்பு, அதே இருமல். மூன்றாவது தடவையும் அதே காப்பி ஆறியது.

"பாவா, அக்கா மூணு வாட்டி கூப்புட்டாச்சு. போய்க் காப்பி குடிச்சிட்டு வாங்க."

நான்கு தறியும் ஒரே நொடியில் நின்றன. எந்தக் கொட்டகையிலும் தறி அப்படி நிற்காது. அந்த அமைதியில் ஒரு பெண் குரல், "டோக்கன் பதினாறு, உள்ள வாங்க," என்றது.

"ஆஸ்பத்திரிலதான் கீறேன் தணிகா," என்றார் பாவா. திருடிவிட்டு மாட்டிக்கொண்ட பள்ளிப் பையனின் குரல். "அம்மாவுக்குத்தான். மூணு நாளாச்சி. நெஞ்சு படபடன்னு அடிச்சிகினு மயக்கம் வந்துட்டுது, கொணாந்து சேத்துட்டோம். இசிஜி எடுத்தாங்க, எக்கோ எடுத்தாங்க, ஒண்ணியும் இல்லன்னுட்டாங்க. மனசுல இன்னாவோ வெச்சிகினு மறுகறாங்கன்றாரு டாக்டரு. நாளைக்கு ஊட்டுக்கு அனுப்பறாங்க."

"சத்தியமா அவ்ளோதானா?"

"மலை மேல சத்தியமா அவ்ளோதான். ஒனக்கு நெஞ்சு அடிச்சிக்குமேன்னுதான் தறிச் சத்தத்த போன்ல புடிச்சி வெச்சிகினு இன்னொரு போன்ல போட்டேன். இங்க இருக்கற நர்ஸம்மா வேற, இன்னா சத்தம்னு டெய்லி திட்டுது."

பழக்கதோஷத்தில் என் விரல் மணிக்கட்டுக்குப் போனது. துடிப்பு சாதாரணமாக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. என் அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று கேட்ட நெஞ்சு, கீரை வாங்கப்போன இடத்தில் குதித்த அதே நெஞ்சு, அமைதியாக இருந்தது. கெட்ட செய்தியைத் தாங்க அதற்குத் தெரிந்திருக்கிறது. என்ன நடக்கிறது என்று தெரியாமல் காது கொடுத்துக்கொண்டே இருப்பதைத்தான் அதனால் தாங்க முடியவில்லை. பாவாமீது எனக்கு அப்போது வந்த அன்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆறு வருடத்து இட்லியையும் சேர்த்துத் திட்டினேன். திட்டி முடித்ததும் போனை அம்மாவிடம் கொடுக்கச் சொன்னேன்.

"மனசுல இன்னாம்மா வெச்சிகினு இருக்க?"

"அந்த வயரு இன்னாடா?" என்றார் அம்மா.

நான் சமாளிக்க ஆரம்பிப்பதற்குள் அவரே தொடர்ந்தார்.

"எதிர் ஊட்டுப் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது. அதுகிட்ட கேட்டேன். நெஞ்சுல கோளாறு இருந்தா மாட்டற மிஷினுன்னு சொல்லிச்சி. அன்னிலருந்து எனக்குத் தூக்கமே இல்ல."

"எங்கிட்டயே கேட்டிருக்கலாம் இல்ல?"

"கேட்டா இன்னா சொல்லுவ? பாட்டு கேக்கற வயருன்னு சொல்லுவ."

ஆக, அவர்கள் ஒளித்ததால் நான் படுத்தேன், நான் ஒளித்ததால் அம்மா படுத்தார். வீட்டில் எல்லோருக்கும் எல்லோர்மேலும் இவ்வளவு பிரியம், அதனால் யாரிடமும் யாரும் உண்மை பேசுவதில்லை. அந்த டாக்டர் சொன்ன ஏற்பாடு அப்படியொன்றும் சிரிக்கிற விஷயமில்லை என்று அப்போதுதான் தோன்றியது. சுமதியிடம் சொன்னேன். "போய்ட்டு வாங்க, போன்ல பேசினா நீங்க ரெண்டு பேரும் திரும்ப பொய்தான் சொல்லுவீங்க," என்றாள்.

மூன்று வாரத்தில் திருத்தணியில் இருந்தேன். அம்மாவைத் திரும்பவும் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள், நானும் கூடப் போனேன். இசிஜி எடுக்கும் பெண் வயரைக் கையில் எடுத்ததும் அம்மா, "மொதல்ல எம் புள்ளைக்கி எடும்மா," என்றார். சீட்டு உங்கள் பெயரில்தானே இருக்கிறது என்றாள் அவள். "அவனுக்கு எடுக்காம நான் படுக்க மாட்டேன்," என்று கட்டிலுக்குப் பக்கத்தில் பிடிவாதமாக நின்றார். வேறு வழியில்லாமல் எனக்கும் ஒரு சீட்டுப் போட்டு வந்து படுத்தேன். இயந்திரத்திலிருந்து கட்டம் போட்ட காகிதம் நீளமாக வர வர, அம்மா குனிந்து என் கோடுகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்து அவர் படுத்தார், நான் குனிந்து பார்த்தேன். எனக்கு ஒன்றும் புரியவில்லை, அவருக்கும் புரிந்திருக்காது. டாக்டர் இரண்டையும் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். "ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்லம்மா. ஒருத்தர நெனச்சி ஒருத்தர் டென்ஷன் ஆகறத விடுங்க, போதும்," என்றார். இரண்டு காகிதத்தையும் ஒரே மாதிரியான இரண்டு கவரில் போட்டுக் கொடுத்தார்கள்.

மறுநாள் நான் படியேறி மலைக்கோயிலுக்கு வருவதாகச் சொன்னேன். அம்மா பஸ்ஸில் போய்விடுவார். சொல்லிவிட்டேனே தவிர, கீழ்ப்படியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். முந்நூற்று அறுபத்தைந்து படி. பள்ளிக்கூட நாளில் யார் முதலில் என்று பந்தயம் கட்டி இதில் ஓடியிருக்கிறோம். உச்சிக்கு வந்து நிற்கும்போது நெஞ்சு இப்போது அடிப்பதைவிடப் பலமாக அடிக்கும். மேலே வந்துவிட்டோம் என்று சிரிப்போமே தவிர, யாரும் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்ததில்லை. பாவா கூடவே வந்தார். நூறு படிக்குமேல் என் நெஞ்சு வேகம் எடுத்தது, நின்றேன். "உக்காரு," என்றார் அவர். அவருக்கும் இரைத்தது. "எனக்கும் அடிச்சிக்குது தணிகா, இத பாரு," என்று என் கையை எடுத்துத் தன் மார்பில் வைத்துக்கொண்டார். உண்மையிலேயே அடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் சிரித்துவிட்டு மறுபடி ஏறினோம்.

மேலே அம்மா எங்களுக்கு முன்பே வந்து நிழலில் உட்கார்ந்திருந்தார். கும்பிட்டுவிட்டு வந்து, மண்டப ஓரத்தில் வைத்து அந்த ஏற்பாட்டைப் பேசினேன். இனிமேல் யாரும் யாரிடமும் எதையும் ஒளிப்பதில்லை. உடம்புக்கு என்னவென்றாலும் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும்.

"சின்ன ஜுரம், தலைவலிலாம் சொல்ல மாட்டேன்," என்றார் அம்மா.

"அதையும் சொல்லணும்."

"அப்ப நீயும் தும்மனா சொல்லணும்."

சரி என்றேன். பிறகு பாவாவைப் பார்த்தேன். "அம்மா எதிர்லயே சொல்றேன் பாவா. நாளைக்கு யாருக்காவது ஏதாவது ஆனா, ஆயிடுச்சின்னு போன்லயே சொல்லிடுங்க. ஜுரம்னு சொல்லாதீங்க. ஓட்டல்ல நிறுத்தி இட்லி வாங்கிக் குடுக்காதீங்க."

பாவா தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். துடைத்தது வியர்வை மட்டுமில்லை. "சொல்லிடறேன்," என்றார். "ஆனா இட்லி வாங்கிக் குடுக்கறது குடுப்பேன். சொல்லிட்டு வாங்கிக் குடுக்கறேன்."

அதில் நான் என்ன மறுப்புச் சொல்ல முடியும்? அம்மா தன் சாவைப் பற்றித்தான் பேசுகிறோம் என்று தெரிந்தே, "அந்த ஓட்டல்ல வேணாம், சட்னி நல்லா இருக்காது," என்றார்.

திரும்பி வந்து ஒரு மாதம் ஆகிறது. படபடப்பு முழுசாகப் போய்விட்டது என்று சொன்னால், மலைமேல் பேசிய ஏற்பாட்டை மீறியவன் ஆவேன். வருகிறது. போன வாரம் ரயிலில் வந்தது. அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். "எத்தினி நிமிசம்?" என்று கேட்டார், மூன்று என்றேன், "எனக்கு நேத்து ரெண்டு," என்றார். இரண்டு பேரும் அதற்குமேல் ஒன்றும் கேட்டுக்கொள்ளவில்லை. கடிகாரம் இன்னும் அரிசி டப்பாவில்தான் இருக்கிறது.

நேற்று ஹௌஸ்ஆர்ட்ஸிடம் போனபோது ஊரில் எடுத்த இசிஜியைக் கவரோடு கொடுத்தேன். விரித்துப் பார்த்தார். சீரான, அழகான துடிப்பு என்றார். பிறகு மூலையில் அச்சாகியிருந்ததை உற்றுப் பார்த்து, "மெனேர், உங்களுக்கு வயது எழுபத்தொன்றா?" என்றார். வாங்கிப் பார்த்தேன். அம்மாவின் பெயர். பெட்டி கட்டும்போது ஊறுகாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் கவரை வைத்தது அம்மாதான்.

வீட்டுக்கு வந்து கூப்பிட்டேன். பீரோவைத் திறக்கும் சத்தம் கேட்டது. "ஆமாண்டா, ஒன்னுதுதான் இங்க கீது. கண்ணாடி போடாம எடுத்து வெச்சிட்டேன் போல," என்றார். யாராவது இந்தப் பக்கம் வந்தால் கொடுத்தனுப்பச் சொன்னேன்.

"எதுக்கு? இங்கியே இருக்கட்டும். என்னுது அங்க இருந்துட்டுப் போவுது."

"அந்தப் பேப்பர்ல எழுத்து ரொம்ப நாள் நிக்காதும்மா. ரெண்டு வருசத்துல மங்கி வெள்ளையாயிடும். ஜெராக்ஸாவது எடுத்து வெச்சிக்கோ."

"ஜெராக்ஸெல்லாம் எனக்கு வேணாம்," என்றார் அம்மா. "அது மங்கறதுக்குள்ள வந்து, புதுசா ஒண்ணு எடுத்துக் குடுத்துட்டுப் போ."

சரி என்றேன். அம்மாவின் காகிதத்தை மடிப்புக் கலையாமல் மடித்து, வெயில் படாத இடமாகப் பார்த்து, பாஸ்போர்ட் இருக்கும் இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.